அண்ணனின் லோரிகள் என் பெயரில் இருந்தன

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை. ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்று கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த நேரத்தில் பீடோரிலிருந்து அண்ணி அழைத்தார்.

“தம்பி, அண்ணனோட லோரி ஓட மாட்டேங்குது. பாஸ்வேர்ட் கேக்குது. காலையிலேருந்து அப்படியே ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

அண்ணனிடம் உண்மையில் லோரி கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. அதன்பிறகு அவர் ஓட்டுவதெல்லாம் கணினியில்தான். நெடுந்தூர லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை நான்தான் அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மேசையில் ஸ்டியரிங்கைப் பொருத்தி, வேகம் கூட்டும் எண்ணெய் மிதியையும் பிரேக்கையும் காலிலிருந்து கைக்குக் கொண்டுவந்தேன். முதலில் கூலிக்கு ஓட்டி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, இப்போது நாற்பது லோரிகளுக்கு முதலாளியாக இருந்தார். நிஜத்தில் அவர் ஒரு லோரிக்குக்கூட முதலாளியாக இருந்ததில்லை.

இதை விளையாட்டு என்று சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும். காலை ஒன்பது மணிக்கு முதல் நடை கிளம்பும். அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டு பசியாறிவிட வேண்டும். பன்னிரண்டரைக்கு லோரியை நிறுத்தினால்தான் சோறு. சாயங்காலம் ஒரு நடை, அதை முடித்துவிட்டு வாசலில் பொய்க்கால் போட்டு இருபது சுற்று. டாக்டர் சொல்லி, அண்ணி கெஞ்சி, நான் கத்தி நடக்காத காரியமெல்லாம் அந்த லோரிக்காக நடந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. இடது காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு கால்தான் எங்கள் எல்லாருடைய கவலையும்.

பாஸ்வேர்ட் கேட்கிறது என்றதும் வேலையை அப்படியே விட்டேன். குழியிலிருந்து ஏறி வந்து என் கைப்பேசியில் பார்த்தேன். உள்ளே போக முடியவில்லை. மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டிருந்தது. என் எண்ணும் நீக்கப்பட்டிருந்தது. யாரோ என் கணக்கைத் திருடிவிட்டார்கள்.

என் கணக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணன் ஓட்டிய விளையாட்டை நான் வாங்கியது என் பெயரில். இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கூட்டாளிகள் எல்லாரும் இரவுச் சந்தையில் திருட்டு சிடி வாங்கி விளையாடினார்கள். எனக்கு மட்டும் அசல் வாங்க வேண்டும் என்று ஒரு வீம்பு. முதல் சம்பளத்தில் ஈப்போ டவுனில் ஒரு கடையிலிருந்து டப்பாவோடு ஒரு போர் விளையாட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து சிடியைப் போட்டால், இணையக் கடையில் கணக்குத் திறந்து, கையேட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் நீள எண்ணைப் பதிவு செய்தால்தான் ஓடுவேன் என்றது. காசு கொடுத்து வாங்கி, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொருவனிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று அன்றைக்கு வெகுநேரம் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே பதிவும் செய்தேன். அப்படித் திறந்ததுதான் அந்தக் கணக்கு.

அப்புறம் நானே மாறிப்போனேன். எல்லாவற்றையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளத் தொடங்கினேன். கடைக்குப் போக வேண்டாம், சிடி கீறல் விழாது, மழைநாளில் படுத்தபடியே வாங்கலாம். கடன் அட்டை இல்லாததால் பெட்ரோல் நிலையத்தில் விற்கும் முன்பண அட்டைகளைச் சுரண்டி அந்த எண்ணைப் போடுவேன். டப்பா வாங்குகிறவர்களைக் கேலி செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன். பீடோர் வீட்டு ஸ்டோரில் கிடந்த என் பழைய டப்பாக்களைப் பற்றி அண்ணி கேட்டபோது, “அதெல்லாம் குப்பை அண்ணி, எப்ப வேணும்னாலும் தூக்கிப் போடுங்க” என்று சொன்னேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

அண்ணனுக்கு லோரி விளையாட்டு வாங்கும்போதும் தனிக் கணக்கு எதற்கு என்று என்னுடையதிலேயே போட்டுக் கொடுத்தேன். எனக்கும் விளையாட நேரமில்லை. சும்மா கிடந்த கணக்கு அவருக்கு உதவட்டும் என்ற நினைப்பு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்கு மதியமே பீடோருக்குப் போனேன். அண்ணன் வீடு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் கட்டிய மலிவு வீடுகளில் ஒன்று. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. அண்ணி அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மேசை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“நேத்து எதையாச்சும் அமுக்குனீங்களாண்ணே?”

“ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு. இங்கிலீஸ்ல என்னமோ கேட்டுச்சு. மூடிட்டேன்.”

“மூடுனீங்களா, ஓகே குடுத்தீங்களா?”

அண்ணன் யோசித்தார். “மூடுனேன்னுதான் நெனைக்கிறேன்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. பழி போட வழி நெடுகத் தேடிக்கொண்டு வந்த ஆள் அகப்பட்டுவிட்டான். என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது. அன்றைக்கு அது அவிழ்த்துவிட்ட மாடாக ஓடியது.

“தெரியாததை ஏன்ணே தொடுறீங்க? இது என் அக்கவுண்டு. பதினஞ்சு வருசமாச் சேத்து வச்சது. பாவம்னு உங்களுக்குக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.”

அடுப்படியில் அண்ணியின் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் போட்டு மூடினார். பிறகு கைத்தடிகளை எட்டி எடுத்து, எழுந்து, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாவம் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் தப்பு அவருடையது என்ற நினைப்பு என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

ஈப்போ திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினேன். இணையக் கடையின் உதவிப் பிரிவுக்குப் புகார் எழுத வேண்டும். கடைசியாக எப்போது உள்ளே நுழைந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்க்கக் கைப்பேசியில் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

முந்தின நாள் மதியம் ஒரு பக்கம் திறந்திருந்தது. என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவனின் கணக்கிலிருந்து செய்தி வந்திருந்தது: எங்கள் குழு போட்டியில் இருக்கிறது, ஓர் ஓட்டுப் போடு மச்சான். கீழே ஓர் இணைப்பு. எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வலது கை முழுக்கக் குழம்பு. இடது கைக் கட்டைவிரலால் இணைப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, போட்டேன். கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டது, அதையும் போட்டேன். முகவரியைக்கூடப் படிக்கவில்லை. கோழிக்காலைக் கடித்தபடியே வீட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்திருக்கிறேன். அந்தக் கூட்டாளியும் என்னைப்போல ஏமாந்தவன்தான். அவன் பெயரில் எவனோ அனுப்பியிருக்கிறான்.

அண்ணன் பெட்டியை மூடத்தான் செய்திருக்கிறார்.

அங்கிருந்து பீடோர் இருபது நிமிடம். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் கணக்கை மீட்போம், லோரிகளைக் கொடுத்துவிட்டு அந்தச் சந்தோஷத்தில் சொல்வோம், அப்போது சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று மனசு கணக்குப் போட்டது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். புகாரை அனுப்பிவிட்டு ஈப்போவுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. கணக்கு உங்களுடையது என்று நிரூபியுங்கள். வாங்கிய கடன் அட்டையின் விவரம் கொடுங்கள், அல்லது கடையில் வாங்கிய டப்பாவில் இருந்த எண்ணை, இந்தப் புகார் எண்ணை அதன் பக்கத்தில் பேனாவால் எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் கடன் அட்டை இல்லை. சுரண்டிய முன்பண அட்டைகளை அன்றன்றைக்கே குப்பையில் போட்டவன் நான். அறுபது எழுபது விளையாட்டுகளை இறக்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றுக்கும் கையில் காட்ட எதுவுமில்லை. இருந்தது அந்த முதல் டப்பா மட்டும்தான்.

அண்ணியை அழைத்தேன்.

“ஸ்டோர்ல என் பழைய கேம் டப்பா இருக்குல்ல அண்ணி, கொஞ்சம் எடுத்து வைங்களேன்.”



“நேத்துதான் தம்பி தீவாளிக்கு வீட்ட ஒதுக்குனேன். சூராட் காபார் லாமா லோரி வந்துச்சு. எல்லாத்தையும் கட்டிப் போட்டுட்டேன். நீங்கதானே குப்பைன்னு சொன்னீங்க.”

பழைய பேப்பர் வாங்கும் லோரி அது. ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே தெருத் தெருவாக வரும். யாருடையது, எங்கே கொண்டுபோகும் என்று அண்ணிக்குத் தெரியவில்லை. பக்கத்து வீடுகளில் விசாரித்துச் சொல்லச் சொன்னேன். பேசி முடிக்கும்போது, “அண்ணன் எப்படி இருக்காரு?” என்று கேட்டேன்.

“சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. நடக்கல. சோறு எறங்கல. ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா என்னாவுறதுன்னு ஊசியும் வேணாங்குறாரு. காலையில சக்கரை பதினெட்டு காட்டுது, பத்தத் தாண்டக் கூடாதாம்.”

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டேன். பேப்பர் லோரி போய்ச் சேரும் கொட்டகை பீடோர் டவுனுக்கு வெளியே இருந்தது. முதலாளி ஒரு வயதான சீனர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார்.

“என்னா தேடுறே தம்பி?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“தீவாளி, சீனப் பெருநாள் வந்தா இப்பிடித்தான்லா. எல்லாத்தையும் போடுவான், அப்புறம் ஓடி வருவான். போன வாரம் ஒரு ஆளு வீட்டுப் பத்திரத்தத் தேடி வந்தான். நாலு மணிக்குப் பெரிய லோரி வரும், எல்லாம் போயிரும். அதுக்குள்ள பாத்துக்க.”

மணி ஒன்றரை. எதிரே ஆள் உயரத்துக்குக் குவியல் குவியலாகத் தாளும் அட்டையும். ஒரு மூலையில் அமுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் குவியலிலிருந்து வாரி வாரி அதற்குள் தள்ளினார்கள். அது நசுக்கிக் கட்டாக வெளியே தள்ளியது. நான் ஒரு பக்கம் கிளற, அவர்கள் மறு பக்கம் குவியலைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர்கள் வேலை அவர்களுக்கு.

மூன்று மணி தாண்டியதும் இரண்டு கையாலும் வாரத் தொடங்கினேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எவர் வீட்டு மின்சாரக் கட்டணமோ, எவர் பிள்ளையின் கணக்குப் புத்தகமோ, திருமணப் பத்திரிகைகளோ, எல்லாம் என் கையில் வந்து போயின. கடைசியில் சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டிய ஒரு கட்டு தெரிந்தது. மேலேயே அண்ணனின் இன்சுலின் ஊசிப் பெட்டிகள், தட்டையாக மடக்கி அடுக்கியிருந்தன. அண்ணியைத் தவிர வேறு யாரும் ஊசிப் பெட்டியை இவ்வளவு ஒழுங்காக அடுக்க மாட்டார்கள்.

கட்டை அவிழ்த்தேன். டப்பா இல்லை. பிளாஸ்டிக்கை வந்த அன்றைக்கே பிரித்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம், சிடியும் அதோடு போயிருந்தது. ஆனால் கையேடு தாள் என்பதால் கட்டுக்குள்ளேயே கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்னட்டையில் வெள்ளை ஒட்டுத்தாள். அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பெரிய கறை.

கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கறையை வைத்தவன் நானேதான்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சி, பரீட்சை எண் சீட்டு, எதுவானாலும் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் தொடுவோம். முதல் சம்பளத்தில் வாங்கிய விளையாட்டையும், பதிவு செய்து முடித்த பிறகுதான் நினைவு வந்து, அப்படி வைத்தேன். முன்னட்டையில் துப்பாக்கியோடு ஒருவன் இரத்தம் சொட்ட நின்றான். அவன் நெற்றியில் குங்குமம் வைப்பது சரியில்லை என்று பட்டது. அதனால் பின்னால் திருப்பி, வெள்ளையாக இருந்த ஒரே இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினேன். அந்த எண்ணை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன், இனி எதற்கு என்ற நினைப்பு.

புகார் எண்ணைப் பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். இது எங்கள் வழக்கம், புதுப் பொருளுக்குப் பொட்டு வைப்போம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினேன். எந்த நாட்டிலோ உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை பதில் வந்தது. எண் முழுதாகத் தெரியவில்லை. தெளிவான படம் அனுப்புங்கள். நான்கு நாளில் வராவிட்டால் புகார் மூடப்படும்.

பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்துப் பார்த்தேன். குங்குமத்தோடு மையும் ஓரமாகக் கரைந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். எனக்குப் பொறுமை போதாது என்று எல்லாரும் சொல்வது சும்மா இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கடைசி ஐந்து எழுத்துகள் பிடிபடவில்லை. தப்பாக எழுதி அனுப்பினால் என்னையே திருடன் என்று முடிவு செய்துவிடலாம்.

சனிக்கிழமை காலை அண்ணி மறுபடி அழைத்தார். அண்ணனின் இடது கால் சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது, கிளினிக்குக்குப் போக வேண்டும். கையேட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்கில் கூட்டம். அண்ணி எண் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஒரு வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் கையேட்டை எடுத்துக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை என் முன்னால் நீண்டது.

“குடு.”

கொடுத்தேன். அவர் பின்னட்டையை மட்டும் தனியாகப் பிரித்து, எழுத்து இருந்த பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, பின்பக்கத்திலிருந்து பார்த்தார்.

“எண்ணெ பட்ட சிலிப்ப இப்படித்தான் படிப்போம். மில்லுல ஒரு நம்பர் தப்பாப் போனாலும் எறக்க வுடமாட்டான். கறை வெளிச்சத்துல போயிரும், மை போவாது. எழுத்து திரும்பி இருக்கும், பாத்துச் சொல்றேன், எழுதிக்க.”

ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். நாலாவது எழுத்தில் நின்றார்.

“பி-யாண்ணே?”

“இல்ல, எட்டு. பி-க்கு முதுகு நேரா இருக்கும். இது வளைஞ்சிருக்கு.”

எழுதி முடித்தோம். கையேட்டை வெளிச்சத்தில் பிடித்தபடியே படமும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதை மடித்து என்னிடம் கொடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நானும் அத அமுக்கியிருக்கக் கூடாது. இங்கிலீஸ்ல இருந்தா உன்னையக் கேட்டிருக்கணும். தப்புதான்.”

செய்யாத தப்புக்கு என் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள், கால் வேறு வீங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாளில் கணக்கு வந்துவிடும்.

“பரவால்லண்ணே,” என்றேன்.

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன். இந்தப் பன்னிரண்டு நாளில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, கிருமி இன்னும் உள்ளே போகவில்லை, மருந்து போட்டுச் சர்க்கரையை இறக்குங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். இறக்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மதியம் கணக்கு திரும்பக் கிடைத்தது. வேலை முடிந்ததும் நேரே பீடோருக்கு ஓட்டினேன். பாஸ்வேர்ட் போட்டு விளையாட்டைத் திறந்தேன். திருடன் மற்றதையெல்லாம் குடைந்திருந்தான், அண்ணனின் லோரிகளை மட்டும் தொடவில்லை. நாற்பதும் வரிசையாக நின்றன. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணன் வந்து உட்கார்ந்து துண்டை எடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத அமுக்கலாமா?”

வண்டியைக் கிளப்பும் பொத்தான் அது. தினமும் நூறு முறை அமுக்கியது.

“அமுக்குங்கண்ணே.”

வண்டி கிளம்பியது. மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. உடனே நிறுத்தினார்.

“இது என்னா? இத மூடலாமா?”

“மூடலாம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. நான் தொடல.”

நாற்பது டன் டேங்கரைக் கேமரன் மலை இறக்கத்தில் மழையில் இறக்கியவர். ஒரு பொத்தானுக்கு என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான். சாப்புட்டுக்கிட்டே ஒரு லிங்க்க அமுக்கிப் பாஸ்வேர்டக் குடுத்துட்டேன். உங்களச் சொன்னது தப்பு.”

அண்ணி என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எப்பத் தெரிஞ்சிச்சு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அன்னிக்குச் சாயந்தரமே.”

“எந்த அன்னிக்கு?”

“நான் கத்திட்டுப் போனேன்ல, அன்னிக்கு.”

அவர் உதடு அசைந்தது. நாளை எண்ணுகிறார் என்று தெரிந்தது. ஒன்பது நாள். அதில் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த சனிக்கிழமையும் அடக்கம். விளையாட்டை மூடினார். துண்டை எடுத்து மறுபடி ஸ்டியரிங்கின் மேல் போட்டார்.

“சாப்ட்டுட்டுப் போ,” என்றார். விருந்தாளிக்குச் சொல்வது போல இருந்தது. சாப்பிட்டேன். எது தொண்டையில் இறங்கியது என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் காலை அவரே அழைத்தார்.

“அந்த லோரி கேமு டப்பாவுல கெடைக்குமா?”

“கெடைக்கும். ஆனா உள்ள சிடி இருக்காதுண்ணே. ஒரு துண்டுத் தாள்ல நம்பர் மட்டும் இருக்கும். அதையும் அக்கவுண்டுலதான் போடணும். டவுன்லோட் பண்ணாலும் ஒண்ணுதான்.”

“அக்கவுண்டு யார் பேர்ல?”

“யாரு தொறக்குறாங்களோ அவங்க பேர்ல.”

“அப்ப என் பேர்ல வாங்கிட்டு வா. டப்பாவாவே வாங்கு.”

“பழைய லோரியெல்லாத்தையும் நான் இதுல மாத்திக் குடுக்குறேண்ணே. ஆட்டத்தோட ஃபைலு உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு, அஞ்சு நிமிச வேலை.”

“வேணாம்.”

ஈப்போ முழுக்கத் தேடி ஒரு கடையில் டப்பா கிடைத்தது. தீபாவளிக்கு முதல் நாள் கொண்டுபோனேன். நான் வேண்டாம் என்று சொல்லியும் விலையைக் கேட்டு, என் சட்டைப் பையில் பணத்தை வைத்தார். டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு தாள். அதை எடுத்துக் கீபோர்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாமி மேடைக்குக் கொண்டுபோகவில்லை.

புதுக் கணக்குத் திறக்க நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயரைக் கேட்டது. அவரே எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். மின்னஞ்சல் கேட்டது. அண்ணி கிளினிக் சந்திப்புக்காக வைத்திருந்த முகவரியைப் போட்டார். அடுத்து பாஸ்வேர்ட் கேட்டது. நான் பழக்கத்தில் கீபோர்டின் மேல் கையை வைத்தேன்.

“நீ எந்திரி,” என்றார்.

எழுந்தேன்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க.”

குரலில் கோபம் இல்லை. வங்கி இயந்திரத்தின் முன்னால் பின்னே நிற்கும் அந்நியனிடம் சொல்வது போல, மரியாதையாகவே சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் ஒரு விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கியது. பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். இரண்டாவது முறை ஏதோ தவறி, அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கே தப்பு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். நான் திரும்பவில்லை.